ஊர் காக்கும் ஆய்வகம்

நுழையும்முன்

நோயுற்ற ஒருவரைக் காப்பவர் மருத்துவர். ஓர் ஊர் முழுவதையும் நோய் அணுகாமல் காப்பது பொதுச் சுகாதார ஆய்வகம். மருத்துவமனையின் வாயிலில் மக்கள் திரளாகக் காத்திருப்பர். ஆய்வகத்தின் வாயிலில் அவ்வாறு எவரும் நிற்பதில்லை. அதனாலேயே அதன் அரும்பணி பலருக்குத் தெரிவதில்லை. மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் மக்களின் நலத்தோடு இணைந்த சில ஆய்வகங்களின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மாண்ட்வியில் தோன்றிய நோய்

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்விப் பகுதியில் மக்கள் கடுங்காய்ச்சலால் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். அவர்களுடைய அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருந்தது. அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவர் கோவாவைச் சேர்ந்த மருத்துவர் அகாசியோ வீகாஸ். அந்நோய் பிளேக் என்னும் கொள்ளைநோயே என்று அவர் துணிந்து அறிவித்தார்.

நகரத்தைப் பேரச்சம் பற்றிக்கொண்டது. சில மாதங்களுக்குள் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரைவிட்டு வெளியேறினர். எஞ்சியோர் நோயை அஞ்சியதைப் போலவே மருத்துவமனையையும் அஞ்சினர். உள்ளே சென்றவர் பலர் உயிருடன் திரும்பவில்லை என்பதே அவர்கள் கண்ட உண்மை. 1896 அக்டோபர் இறுதியில் ஆலைத் தொழிலாளர் பெருங்கூட்டமாகத் திரண்டு ஆர்தர் சாலைத் தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினர். அரசோ 1897இல் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றியது. அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். வலிந்து பிரித்துச் சென்றனர். ஆள்வோர் மக்களை நம்பவில்லை. மக்களும் ஆள்வோரை நம்பவில்லை. இந்நிலையில் நோயை வெல்ல மருந்து மட்டும் போதாது; உண்மையைக் கண்டறியும் இடமும், அவ்வுண்மையை மக்கள் ஏற்கும் நிலையும் தேவைப்பட்டன.

ஓர் அறையில் ஓர் ஆய்வகம்

ரஷ்யப் பேரரசின் ஒடெசா நகரில் 1860இல் பிறந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியபோது காலராவுக்குத் தடுப்பூசி கண்டு, 1892இல் அதனைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தவர். அடுத்த ஆண்டில் இந்தியாவுக்கு வந்து காலராத் தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்தார். அவரை அரசு 1896 அக்டோபரில் பம்பாய்க்கு அழைத்தது.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதனை ஒட்டிய நடைக்கூடமும் அவருக்குக் கிடைத்தன. ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும் துணை நின்றனர். பிளேக் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை அலெக்சாந்தர் எர்சின் 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். அந்நுண்ணுயிரை ஹாஃப்கின் இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்யைப் பற்றிக்கொண்டு நுண்ணுயிர்கள் விழுதுகளைப் போலக் கீழ்நோக்கி வளர்ந்தன. பின்னர் அவற்றை வெப்பத்தால் கொன்று தடுப்பு மருந்து ஆக்கினார். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இந்நாட்டு மக்கள் பலருக்கு விலக்கானவை என்பதை உணர்ந்து, ஆட்டிறைச்சியையே பயன்படுத்தினார். மக்கள் மனத்தை மதியாத மருந்து மக்களிடம் சென்று சேராது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூன்றே மாதங்களில் மருந்து உருவாயிற்று. 1897 சனவரி 10ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் நோய் பரவியபோது, முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டோரையும் போடாதோரையும் ஒப்பிட்டபோது, போட்டுக்கொண்டோரிடையே நோயும் இறப்பும் மிகக் குறைந்திருந்தன.

ஓரறையில் தொடங்கிய அவ்வாய்வகம் 1899 ஆகஸ்டில் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. ஆளுநர்கள் விருந்து நடத்திய கூடங்களில் சோதனைக்குழாய்கள் அடுக்கப்பட்டன. 1925இல் அந்நிலையத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1932இல் சாகிப் சிங் சோக்கே அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார்.

எலியும் தெள்ளும்

தடுப்பூசி வந்த பின்னும் ஒரு வினா எஞ்சியிருந்தது. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கிறது? சாக்கடை நாற்றமே காரணம் என்றனர் சிலர். எனவே தெருக்களிலும் சாக்கடைகளிலும் கார்பாலிக் அமிலம் வாரி ஊற்றப்பட்டது. நோய் நிற்கவில்லை.

எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் சோதனை செய்து கூறினார். பலர் அதனை ஏற்கவில்லை. 1905 முதல் ஓர் ஆய்வுக்குழு பரேல் ஆய்வகத்தில் இதனை முறையாகச் சோதித்தது. பிளேக் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளைக் கூண்டுகளில் வைத்தனர். தரையை ஒட்டிய கூண்டில் இருந்தவற்றுக்கு நோய் வந்தது. தெள்ளு தாவி எட்ட முடியாத உயரத்தில் தொங்கிய கூண்டில் இருந்தவை பிழைத்தன. இரண்டு கூண்டுகளும் இருந்தது ஒரே வீடு. அவை சுவாசித்தது ஒரே காற்று. வேறுபாடு தெள்ளு ஒன்றே. ஆகவே நோயைப் பரப்புவது காற்றன்று, தெள்ளே என்பது உறுதியாயிற்று. எளிய சோதனை ஒன்று பல்லாண்டுக் கருத்து வேறுபாட்டைத் தீர்த்து வைத்தது.

தவறி விழுந்த இடுக்கி

ஆய்வகப் பணியில் சிறு பிழையும் பெருங்கேடாக முடியக்கூடும். 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் ஊரில் 107 பேருக்குப் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் இரணசன்னியால் இறந்தனர். பழி பரேல் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

புட்டியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அது நெருப்பில் காட்டித் தூய்மை செய்யப்படாமலே மீண்டும் பயன்படுத்தப்பட்டதும் விசாரணையில் தெரியவந்திருந்தன. ஆயினும் அவ்வுண்மை உரிய மதிப்பைப் பெறச் சில ஆண்டுகள் ஆயின. மலேரியாவைக் கொசு பரப்புவதை நிறுவிய ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிவியலறிஞர்கள் 1907இல் இலண்டன் நாளிதழ் ஒன்றில் ஹாஃப்கினுக்காக எழுதினர். அதன் பின்னரே அவர்மீது இருந்த பழி நீங்கியது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. கைகழுவுதல், கருவிகளைக் கொதிக்க வைத்தல், புட்டியின் எண்ணைக் குறித்து வைத்தல் போன்ற சிறிய விதிகள் உயிர் காக்கும் விதிகள் என்பது ஒன்று. பழி சுமத்துமுன் சான்றுகளை ஆராய வேண்டும் என்பது மற்றொன்று.

மாதுங்காவின் அகன்ற தெருக்கள்

நெருக்கமும் காற்றோட்டமின்மையும் நோய்க்கு இடம் தருகின்றன என்று கருதிய அரசு, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. அது வகுத்த திட்டங்களுள் ஒன்றே தாதர் – மாதுங்கா குடியிருப்புத் திட்டம். அகன்ற சாலை, வீடுகளுக்கிடையே இடைவெளி, நடுவே பூங்கா ஆகியவை அத்திட்டத்தின் கூறுகள். பின்னாளில் தென்னிந்தியக் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. அவர்களின் முயற்சியால் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் மாதுங்காவில் தோன்றியது. இன்று பூக்கடைகளும் கோயில்களும் உணவகங்களும் நிறைந்த அத்தெருக்களின் அமைப்புக்குப் பின்னே ஒரு கொள்ளைநோயின் நினைவு இருக்கிறது.

எனினும் அவ்வறக்கட்டளை இடித்த ஏழையர் வீடுகள், கட்டித் தந்தவற்றைவிட மிகுதி. நகரின் வடவெல்லையில் தோல் பதனிடும் தொழிற்கூடங்களைச் சுற்றி வளர்ந்த தாராவியை எந்தத் திட்டமும் அகன்ற தெருக்களோடு அமைக்கவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து அத்தொழிலுக்கு வந்த தமிழர்கள் தம் உழைப்பாலேயே அங்கே வாழ்வை அமைத்துக்கொண்டனர்.

கழிவுநீர் சொன்ன செய்தி

இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ வைரஸ் மறைந்து பரவும் இயல்புடையது. அது தொற்றிய ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால்கள் செயலிழக்கின்றன. மற்றவர்கள் நலமாகவே தோன்றுவர். ஆனால் அவர்களின் மலத்தோடு வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு குழந்தைக்கு வாதம் வந்த பின்னர் விழித்துக்கொண்டால், அதற்குள் வைரஸ் ஊரெங்கும் பரவியிருக்கும்.

இதனை முன்னரே அறிய ஒரு வழி கண்டது, பரேலில் ஹாஃப்கின் நிலைய வளாகத்தில் இயங்கிய குடல்வைரஸ் ஆய்வு மையம். 2001இல் அது மும்பையின் மூன்று குடிசைப் பகுதிகளில் வாரந்தோறும் கழிவுநீரை எடுத்துச் சோதித்தது. அவ்வாண்டில் சோதித்த 137 மாதிரிகளுள் 36இல் போலியோ வைரஸ் இருந்தது. ஆனால் நகரில் வாதம் கண்ட குழந்தை ஒன்றே. அக்குழந்தை நோயுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே கழிவுநீர் எச்சரித்துவிட்டது. வைரசின் மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, அது மும்பையில் தங்கியிருந்த பழைய வகையன்று, உத்தரப் பிரதேசத்தில் பரவிய வகையின் கிளை என்பதும் தெரிந்தது. எங்கே சொட்டு மருந்துப் பணியைத் தீவிரப்படுத்த வேண்டும் என்பதை ஆய்வகம் இவ்வாறு காட்டியது.

பிழைப்புத் தேடி வருவோரால் நோய் வருகிறது என்று பழிப்பது எளிது. ஆய்வகம் எவரையும் பழிக்கவில்லை. எங்கே தடுப்பு மருந்து சென்று சேரவில்லை என்பதையே சுட்டியது. இந்தியாவின் இறுதிப் போலியோ நோயாளி 2011 சனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடு என்னும் சான்றினைப் பெற்றது.

தாராவி, 2020

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஏறத்தாழ 2.5 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல இலட்சம் மக்கள் வாழும் இடம் அது. பெரும்பாலோர் பொதுக் கழிப்பறைகளையே நம்பியிருந்தனர். விலகியிருங்கள் என்று சொல்வது எளிது. விலகியிருக்க இடம் ஏது?

எனவே மாநகராட்சி நோயைத் தேடிச் சென்றது. உதவி ஆணையர் கிரண் திகாவ்கர் தலைமையில் சுகாதாரப் பணியாளரும் அப்பகுதியின் தனியார் மருத்துவரும் வீதி வீதியாகக் காய்ச்சலைச் சோதித்தனர். ஐயத்துக்குரியோரின் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகள் ஆய்வகங்களுக்குச் சென்றன. பள்ளிகளும் விளையாட்டரங்கமும் தனிமை முகாம்களாயின. பொதுக் கழிப்பறைகள் நாள்தோறும் பலமுறை கிருமிநீக்கம் செய்யப்பட்டன. 2020 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார். டிசம்பர் 25 அன்று தாராவியில் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை.

மும்பையில் தொடக்க நாள்களில் கொரோனா மாதிரிகளைச் சோதித்த இடங்களுள் ஒன்று கஸ்தூர்பா மருத்துவமனை ஆய்வகம். 1896இல் மக்கள் அஞ்சித் தாக்கிய ஆர்தர் சாலை மருத்துவமனையே இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை.

அதே ஜூலையில் மாதுங்கா, செம்பூர், தகிசர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய மூன்று வட்டங்களில் ஏறத்தாழ 7,000 பேரின் குருதி சோதிக்கப்பட்டது. நோய் வந்து சென்றதைக் காட்டும் எதிர்ப்பொருள் குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடம் இருந்தது. பிற பகுதிகளில் 16 விழுக்காட்டினரிடம் இருந்தது. பலருக்கு நோய் வந்ததே தெரியாமல் வந்து சென்றிருந்தது. ஒரே நகரில், அருகருகே வாழ்வோரிடையே இத்துணை வேறுபாடு ஏன்? நெருக்கமான வீடுகளும் பகிர்ந்து பயன்படுத்தும் கழிப்பறைகளும் அதற்குக் காரணமாகக் கருதப்பட்டன. எண்களைத் தருவது ஆய்வகத்தின் கடமை. அவ்வெண்கள் காட்டும் குறையைப் போக்குவது சமுதாயத்தின் கடமை.

குழாயில் வரும் நீர்

கொள்ளைநோய் இல்லாத நாள்களிலும் ஆய்வகம் உறங்குவதில்லை. மும்பை அருந்தும் நீர் ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. அது தூய்மை செய்யப்பட்டு, குளோரின் கலந்து அனுப்பப்படுகிறது. ஆனால் நகரின் பல பகுதிகளில் நாளின் சில மணி நேரமே குழாயில் நீர் வருகிறது. நீர் நின்றபின் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அப்போது குழாயில் விரிசல் இருந்தால், அருகே ஓடும் சாக்கடை நீர் உள்ளே கசியக்கூடும்.

இதனைக் கண்டறிய, மாநகராட்சிப் பணியாளர்கள் பல இடங்களிலிருந்து நீர் மாதிரிகளைத் தூய புட்டிகளில் எடுத்துக் குளிர்ந்த பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புகின்றனர். அங்கே ஈ.கோலை என்னும் பாக்டீரியா இருக்கிறதா என்று சோதிக்கின்றனர். மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்வது அது. நீரில் அது காணப்பட்டால், மலக்கழிவு கலந்துள்ளது என்பது பொருள். அவ்வழியே காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகளும் வரக்கூடும். உடனே விரிசலைத் தேடி அடைக்க வேண்டும். அதுவரை மக்கள் நீரைக் கொதிக்க வைத்துப் பருக வேண்டும்.

ஆய்வகத்தால் தானாக எதையும் அறிய இயலாது. குழாய்நீர் கலங்கி வருவதைத் தெரிவிக்கும் குடும்பம், காய்ச்சலை மறைக்காத நோயாளி, கருவியைத் தூய்மை செய்ய மறவாத உதவியாளர் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஆய்வகத்தின் கண்களாகின்றனர். 1896இல் பம்பாயில் குறைவாக இருந்தது அறிவு மட்டுமன்று, நம்பிக்கையும்தான். அவ்விரண்டும் சேரும் ஊரே நோயை வெல்லும் ஊர்.

தெரிந்து தெளிவோம்

சென்னைக் கிண்டியில் உள்ள கிங் நிலையம் 1899இல் தொடங்கப்பட்டது. பெரியம்மைத் தடுப்பு மருந்தைச் செய்வதே அதன் முதற்பணி. சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் என்பவரின் பெயரை அது தாங்கியுள்ளது. ஹாஃப்கினின் ஆய்வகம் பரேலுக்கு மாறியதும் அதே ஆண்டில்தான்.

சொல்லும் பொருளும்

கொள்ளைநோய் – பெருந்திரளான மக்களை விரைந்து தாக்கும் தொற்றுநோய்
நெறி – அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோன்றும் வீக்கம்
தெள்ளு – விலங்குகளின் குருதியை உறிஞ்சும் சிறு பூச்சி
ஏவலர் – இட்ட பணியைச் செய்வோர்
மாதிரி – சோதனைக்காக எடுக்கப்படும் சிறு பகுதி
எதிர்ப்பொருள் – நோய்க்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. ஹாஃப்கினின் ஆய்வகம் பரேலுக்கு மாறிய ஆண்டு: (1896 / 1899 / 1925)
2. பிளேக் நோயைக் கடத்துவது: (கொசு / ஈ / தெள்ளு)
3. குடிநீரில் மலக்கழிவு கலந்ததைக் காட்டுவது: (குளோரின் / ஈ.கோலை / நெய்)

ஆ. பிரித்து எழுதுக.
தடுப்பூசி, நுண்ணுயிர், பேரச்சம், கழிவுநீர்

இ. குறுவினா
1. ஹாஃப்கின் ஆட்டிறைச்சிச் சாற்றைப் பயன்படுத்தியது ஏன்?
2. மாதுங்காவின் அகன்ற தெருக்கள் அமைந்ததற்குக் காரணம் யாது?

ஈ. சிறுவினா
1. கினிப்பன்றிச் சோதனையில் இரண்டு கூண்டுகளையும் ஒரே வீட்டில் வைத்தது ஏன்? விளக்குக.
2. நோயாளியைக் காண்பதற்கு முன்பே கழிவுநீர் வழியாகப் போலியோவை அறிந்தது எவ்வாறு?

உ. சிந்தனை வினா
குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காடு, பிற பகுதிகளில் 16 விழுக்காடு என்னும் ஆய்வு முடிவைக் கண்டபின், ஒரு நகர நிருவாகம் முதலில் செய்ய வேண்டியது என்ன? காரணத்துடன் எழுதுக.

ஊ. கற்பவை கற்றபின்
1. உங்கள் வீட்டுக்குக் குடிநீர் எந்நேரத்தில் வருகிறது, எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதை ஒரு வாரம் குறித்து, வகுப்பில் பகிர்க.
2. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ என்பதைப் படித்து, இப்பாடத்தோடு பொருந்தும் ஒரு குறளைத் தேர்ந்து அதன் பொருளை உங்கள் சொற்களில் எழுதுக.
3. வீட்டிலுள்ள பெரியவரிடம் அவர் நினைவில் உள்ள ஒரு நோய்க்காலத்தைப் பற்றிக் கேட்டு, பத்து வரிகளில் தமிழில் எழுதுக.